அத்தானின் பாம்புகளுக்கு உண்ணி பற்றியபோது

அக்கா வீட்டுக்கு நான் வந்து சேர்ந்த அந்த வாரமே அத்தான் அவள்மேல் குக்கர் மூடியை எறிந்ததைப் பார்த்தேன். உறைய வைத்த எலிகள் இருந்த டப்பாவை அவள் ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டாளாம். எலிகள் இளகிப்போயிருந்தன. மூடி அவள் தோளில் பட்டுத் தரையில் விழுந்து, சுழன்று சுழன்று அடங்கியது. அக்கா குனிந்து அதை எடுத்தாள், கழுவினாள், குக்கரில் போட்டு மூடிச் சோறு வைத்தாள். தோளைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு ஹைதராபாத் கச்சிபௌலியில் முதல் வேலை கிடைத்திருந்த சமயம் அது. கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ பெட்டி கட்டிய காலம். அக்கா வீடு இருக்கும்போது ஹாஸ்டல் எதற்கு என்று திருநெல்வேலியிலிருந்து அப்பா நேரே இங்கே கொண்டுவந்து விட்டுப் போனார். "மாப்பிள்ளை தங்கமானவர்" என்று ரயில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் அதுவரை தெரியாது.

அத்தான் பிறந்து வளர்ந்ததெல்லாம் ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பில். அவர் அப்பா அங்கே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வீட்டுப் பேச்சு தமிழ்தான் என்றாலும் வேண்டாம் என்பதற்கு "நக்கோ", எதற்கு என்பதற்கு "கைக்கு" என்று ஹைதராபாத் ஹிந்தி நடுவில் வந்து விழும். அவரும் ஐ.டி.தான், மேனேஜர். ஆபீஸில் யாரையும் குரல் உயர்த்திப் பேசமாட்டார் என்று கேள்வி. படுக்கையறைகள் இரண்டில் ஒன்றைப் பாம்புகளுக்குக் கொடுத்திருந்தார். எனக்கு ஹால் சோபா.

அந்த அறையில் இரும்பு அலமாரி ஒன்றில் தட்டுத்தட்டாகப் பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் சாலிடரிங் கம்பியால் சுட்டுப் போட்ட காற்றுத் துளைகள், உள்ளே மரச்சீவல், ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒரு மலைப்பாம்பு. நம் ஊர் மலைப்பாம்பு இல்லை; ஆப்பிரிக்க வகை. நீளம் அதிகமில்லை, கை தடிமன், பழுப்பும் கருப்பும் கலந்த உடம்பு. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும். "பந்து மாதிரி ஆயிடும், அவ்ளோதான். கடிக்கத் தெரியாது பாவம்," என்பார் அத்தான். "பாவம்" என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்தப் பாம்புகளைப் பற்றி மட்டும்தான்.

மழை தொடங்கிய சமயத்தில் பழைய நகரத்துப் பக்கம் ஒரு வியாபாரியிடமிருந்து புதிதாக ஒரு பாம்பு வாங்கி வந்தார். ஐந்தாவது. தலையணை உறையில் கட்டி, கார் முன்சீட்டில் வைத்துக் கொண்டுவந்தார். வந்தது முதல் அது தண்ணீர்க் கிண்ணத்தைவிட்டு வெளியே வரவில்லை. உடம்பை மடித்து மடித்துக் கிண்ணத்துக்குள் திணித்துக்கொண்டு, மூக்கு மட்டும் மேலே தெரிய, ஊறிக் கிடந்தது. ஒரு சனிக்கிழமை காலை அத்தான் அதைத் தூக்கினார். கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவிய மாதிரி கருப்பாக ஏதோ படிந்திருந்தது. அவர் முழங்கையில் அந்த மிளகுத்தூளில் இரண்டு மூன்று பொட்டு நடந்துகொண்டிருந்தது.

"மைட்ஸ்," என்றார். முகம் வெளிறிப்போயிற்று. "உண்ணி. பாம்பு உண்ணி."

அன்று பகல் முழுக்க அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பாம்பு. காது குடையும் பஞ்சுக் குச்சியைத் தேங்காய் எண்ணெயில் தொட்டு, அதன் கண்ணைச் சுற்றி, உதட்டோரக் குழிகளில், தாடைக்கு அடியில், செதிலுக்குச் செதில் ஒற்றி எடுத்தார். கண் விளிம்பில் ஒரு உண்ணி பாதி உள்ளே புகுந்து ரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. அதை எடுக்க எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரல் நடுங்காமல் எடுத்தார். "ஆச்சு கண்ணா, ஆச்சு, ஆச்சு," என்று அதனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா வாசற்படியில் நின்று பார்த்தாள். காபி கொண்டு வந்திருந்தாள். அது ஆறி ஆடை படியும்வரை கொடுக்காமல் நின்றாள்.

மாலைக்குள் மற்ற நான்கு பெட்டிகளிலும் உண்ணி இருப்பது தெரிந்துவிட்டது. எழுந்து வந்தவர் நேரே சமையலறைக்குப் போய் அக்காவின் முடியைப் பிடித்தார்.

"ஒரே துணியால எல்லா டப்பாவும் தொடைச்சியா? சொல்லு. கைக்கு தொடைச்சே?"

"நீங்கதான் தொடைக்கச் சொன்னீங்க…"

அறைந்தார். புறங்கையால் இன்னொன்று. அக்காவின் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. நான் கத்திக்கொண்டு ஓடினேன். "நீ உள்ளே வராதே," என்று என்னைப் பார்க்காமலே சொன்னார். அதட்டலே இல்லாத, ஆபீஸ் மீட்டிங்கில் பேசுகிற குரல். பிறகு கையைக் கழுவிக்கொண்டு பாம்பு அறைக்குத் திரும்பிப் போனார்.

திங்கட்கிழமை காலை என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் ஆபீஸ் போய்விட்டார். மரச்சீவலை எல்லாம் மூட்டை கட்டி எரிக்கணும். பெட்டிகளைக் கொதிக்கிற தண்ணீரால் கழுவணும். பாம்புகளை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைக்கணும். பெட்டிக்குள் இனி செய்தித்தாள்தான், அதையும் தினம் மாற்றணும். விளிம்பெல்லாம் வாசலின் தடவணும், உண்ணி ஏறினால் ஒட்டிக்கொள்ளும். எல்லாம் அக்கா பொறுப்பு. பாம்பைத் தொட்டே அறியாதவள் அவள். ஊரில் கிணற்றடியில் தண்ணிப்பாம்பைப் பார்த்தாலே வாளியைப் போட்டுவிட்டு ஓடிவருவாள்.

எனக்கு ஷிப்ட் மதியத்துக்கு மேல்தான். காலையில் நான் கூட நின்றேன்.

"ஏட்டி, நீ வாலைப் பிடி. நான் நடுவுல பிடிக்கேன்."

"கடிக்காதுன்னு சொன்னாவல்லா."

"அவ்வொ சொன்னா ஆச்சா?" என்றாள். ஆனால் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் அள்ளினாள். பாம்பு அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. அக்காவின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நின்றது. பக்கெட்டுத் தண்ணீரில் இறக்கியதும் கருப்புப் பொட்டுகள் பிரிந்து மிதக்க ஆரம்பித்தன. சில, செதிலிலிருந்து கழுத்துப் பக்கம், தண்ணீருக்கு மேலே இருந்த தலைப் பக்கம், வரிசையாக ஏறின.

அக்கா ஒன்றைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இன்னொரு நகத்தால் நசுக்கினாள். பேன் குத்துகிற மாதிரி. 'டிக்' என்று சின்னச் சத்தம். நகத்தில் ரத்தம். அடுத்தது. அதற்கடுத்தது. முதலில் முகம் சுளித்தவள், பிறகு சுளிக்கவில்லை. "செத்துப் போ," என்றாள் ஒவ்வொன்றுக்கும். "செத்துப் போ. நீயும் செத்துப் போ." இரண்டு கட்டைவிரலும் சிவந்து, ரத்தம் நகக்கண்ணுக்குள் இறங்கியது. எனக்குப் பயமாக இருந்தது. "போதும்க்கா, தண்ணியில முங்கிச் செத்துரும்," என்றேன். "தானாச் செத்தா போதுமாட்டி?" என்றாள். தலையை நிமிர்த்தவேயில்லை.

இப்படியே நாட்கள் போயின. தினமும் வெந்நீர், தினமும் புதுச் செய்தித்தாள். அவள் கையில் தீப்பொறி பட்ட மாதிரி கொப்புளங்கள். பாதி வெந்நீர் பட்டது, பாதி உண்ணி கடித்தது. பாம்புகள் அவளிடம் சுருளாமல் இருக்கப் பழகிவிட்டன. ஒருநாள் பார்த்தால், பெரியது ஒன்று அவள் தோளில் கிடக்க, அவள் பாட்டுக்கு மற்றதன் தாடையைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். கண்ணோரத்தில் இருந்ததை அத்தானைவிட வேகமாக எடுத்தாள்.

உண்ணி குறைந்தது. செய்தித்தாளில் ஒரு பொட்டு இல்லாத நாட்கள் வந்தன. அத்தான்கூட இரண்டு நாள் சிரித்தார். இரவு பிரியாணி வாங்கி வந்தார். ஆனால் உண்ணி இறங்கி முட்டையிடுவது பாம்பின் மேல் இல்லை. அலமாரியின் இரும்பு மடிப்பில், சுவர் விரிசலில், தரைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் இட்டு வைத்திருந்தது. அதெல்லாம் பொரிந்து ஒரு காலை வெள்ளைச் சுவரில் கருப்புக் கோடாக ஏறியது.

அத்தான் அதைப் பார்த்தபோது அக்கா அறை வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கதவை அறைந்து சாத்தினார்.

அவள் கை நிலையில் இருந்தது அவருக்குத் தெரியும். நான் ஹாலில் இருந்தேன், நான் பார்த்தேன். அவர் முதலில் கையைப் பார்த்தார், பிறகுதான் சாத்தினார். அக்கா கத்தவில்லை. நாய் முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கதவு திரும்பத் திறந்தபோது மணிக்கட்டு இருக்கக்கூடாத பக்கமாக வளைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தெலுங்கில் கேட்டார், எப்படி ஆச்சு என்று. "இவ வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார், வேணும்னே," என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். அக்கா தெலுங்கில் குறுக்கே புகுந்து, "பாத்ரூம்ல வழுக்கிருச்சு," என்றாள். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். வழுக்கி விழுந்தது என்றே எழுதினார். வெளியே வந்ததும் நான் அக்காவிடம் சண்டை போட்டேன். "வெளிய தெரிஞ்சா அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துரும்ளா," என்றாள். மாவுக்கட்டு போட்ட கையை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள்.

கட்டுக்குள்ளேயும் உண்ணி போனது. அவள் ராத்திரி பகல் பார்க்காமல் பின்னல் ஊசியை உள்ளே விட்டுச் சொறிந்தாள். ஊசி வெளியே வரும்போது நுனியில் ரத்தம் இருக்கும். அவளுடையதா, உண்ணி குடித்த பாம்பினுடையதா, யாருக்குத் தெரியும். வேலை மட்டும் நிற்கவில்லை. ஒரு கையால் வெந்நீர் ஊற்றினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தான் ஒரு குப்பி கொண்டுவந்தார். நாய், மாடுகளுக்கு உண்ணி போக அடிக்கிற மருந்து. தண்ணீரில் சில சொட்டு கலந்து, பெட்டியில் மட்டும் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பாம்பை விட வேண்டும் என்று கடைக்காரன் சொன்னானாம். அதை அவரே எங்களிடம் சொன்னார். சொல்லிவிட்டு, மூடி நிறைய, இரண்டாம் மூடி, மூன்றாம் மூடி என்று ஊற்றினார்.

"என்னங்க, ரொம்ப ஜாஸ்தி," என்றாள் அக்கா. "பாம்பு உள்ள இருக்கு. வெளிய எடுத்துட்டு அடிங்க. மூடியைத் திறந்தாவது வைங்க."

"நக்கோ. நீ எனக்குச் சொல்லித் தராதே. உன்னாலதான் இவ்ளோ தூரம் வந்துச்சு."

ஒவ்வொரு பெட்டியாக இழுத்து, பாம்பின் மேலேயே அடித்து, மூடியை அழுத்திச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார், மருந்து வெளியே போகக்கூடாதாம். மூன்று பேருக்கும் தொண்டை எரிந்தது. உண்ணி செத்தது. சுவரிலிருந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதைக் காட்டி, "பார்த்தியா," என்றார்.

டீ குடித்துவிட்டுப் போய்த் திறந்தபோது பாம்புகள் முறுக்கிக்கொண்டிருந்தன. பெரியது தலையை முதுகுப் பக்கம் வளைத்து, கூரையைப் பார்த்து வாயைத் திறந்தபடி இருந்தது. புரட்டிப் போட்டால் புரண்டு எழத் தெரியவில்லை. ஒன்று தன் உடம்பையே முடிச்சுப் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தது. புதிதாக வந்தது ஏற்கெனவே செத்திருந்தது. அத்தான் பெரியதைத் தூக்கினார். அவர் கையிலேயே அது இரண்டு முறை அலைபாய்ந்து, கயிறு மாதிரித் தொங்கிவிட்டது.

அவர் அழுதார். அப்படி ஒரு ஆண் அழுது நான் பார்த்ததில்லை. தரையில் உட்கார்ந்து, செத்த பாம்பைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, மூக்கு ஒழுக, குழந்தை மாதிரி. ஒரு நிமிஷம் எனக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது. அக்கா ஜன்னலைத் திறக்கப் போனாள். அந்தச் சத்தத்தில் அவர் நிமிர்ந்தார்.

பாம்பைத் தூக்க ஒரு இரும்புக் கொக்கி உண்டு, முழநீளத்துக்குமேல் இருக்கும். அலமாரியில் மாட்டியிருந்ததை எடுத்தார். "நீ கொன்னே," என்றார். "நீதான் கொன்னே."

முதல் அடி அக்காவின் முதுகில் விழுந்தது. இரண்டாவதற்கு நான் நடுவில் போய்விட்டேன். கொக்கியின் வளைந்த நுனி என் புருவத்தில் மாட்டிக் கிழித்தது. வலி தெரியவில்லை. சூடாக ஏதோ கண்ணுக்குள் இறங்கியது, ஒரு பக்கம் சிவப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான். நான் சுவரோடு சரிந்து உட்கார்ந்தேன். அவர் மறுபடி ஓங்கினார்.

அக்கா அவர் முகத்தில் அடித்தாள். மாவுக்கட்டு போட்ட கையால், தோளிலிருந்து சுழற்றி. மண்பானை உடைகிற சத்தம் கேட்டது. உடைந்தது கட்டா மூக்கா என்று அப்போது தெரியவில்லை, இரண்டும்தான். அவர் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். ரத்தம் உதட்டில் இறங்கிச் சட்டையில் சொட்டியது. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"நீ என்னை அடிச்சே?"

"அடிச்சேன். எந்திரிச்சீங்கன்னா இன்னும் அடிப்பேன்."

அக்காவின் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் கையிலிருந்து விழுந்த கொக்கியை அவள் காலால் என் பக்கம் தள்ளினாள். நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டேன். அவர் எழவில்லை. பிறகு அவள் செய்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடிவதில்லை. வாசலுக்கு ஓடுவாள் என்று நினைத்தேன். அவளோ பக்கெட்டில் தண்ணீர் பிடித்தாள். உயிரோடு இருந்த மூன்று பாம்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழுவினாள். முறுக்குகிற தலையை நல்ல கையின் விரல்களால் தாங்கி, வாய்க்குள் தண்ணீர் போகாமல், மருந்து போகப் போக ஊற்றினாள். உடைந்த கட்டு ஈரத்தில் ஊறிப் பிய்ந்து தொங்கியது. "ஏட்டி, தலையணை உறை கொண்டா. அழுக்கு இல்லாததாப் பாத்து," என்றாள். கொக்கியை விடாமலே போய் எடுத்து வந்தேன். அத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்று தலையணை உறைகளோடு ஆட்டோ ஏறினோம். என் புருவத்தில் துண்டு, அக்கா கையில் துண்டு. ஆட்டோக்காரர் "ஏமாயிந்தம்மா?" என்று நடந்ததைக் கேட்டுவிட்டு, மடியில் நெளிகிற மூட்டையைக் கண்ணாடியில் பார்த்து, வண்டியை விரட்டினார். என் டீமில் ஒரு திருச்சிப் பெண் இருந்தாள். போன் செய்ததும், தன் நாய்க்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் வீட்டுக்கு அவளே வந்து கூட்டிப் போனாள். அந்த டாக்டர் பாம்பைத் தொட்டதில்லை. முதலில் என் புருவத்தைப் பார்த்து, "உங்களைத்தானே முதலில் காட்டணும்," என்றார். அக்கா, "இதுகளுக்கு நேரம் இல்ல சார்," என்று உறையின் முடிச்சை அவிழ்த்தாள். அவர் யாருக்கோ போன் செய்து கேட்டுக் கேட்டு ஊசி போட்டார். இரண்டு பிழைத்தன. ஒன்று அங்கேயே மேஜைமேல் செத்தது. அதன் கண்ணோரத்தில் ஒரு உண்ணி இன்னும் உயிரோடு நடந்துகொண்டிருந்தது. அக்கா அதை நகத்தில் வைத்து நசுக்கினாள்.

மறுநாள் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். அத்தான் எங்களுக்கு முன்பே, மூக்கில் கட்டோடு, வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்: மனைவி தன்னைத் தாக்கி, தன் செல்லப் பிராணிகளைத் திருடிப் போய்விட்டாள் என்று. இன்ஸ்பெக்டரம்மா அதைப் படித்துவிட்டு, "முதல்ல அடிச்சது யாரு?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"அவர்தான்," என்றாள் அக்கா. "கல்யாணம் ஆன முதல் மாசம்."

அன்று அவள் எதையும் மறைக்கவில்லை. பாத்ரூமில் வழுக்கவில்லை என்பதையும் சொன்னாள். அப்பாவுக்கு அவளே போன் செய்தாள். அப்பாவுக்கு நெஞ்சு வலி வரவில்லை. ரயில் ஏறி வந்தார். ரயில்வே ஸ்டேஷனில் அக்காவின் கையைப் பார்த்துவிட்டு, நேரே போய் அவனை வெட்டுகிறேன் என்று நடைமேடையில் நின்று கத்தினார். எங்கள் அப்பா கோழி அறுக்கிறதையே பார்க்கமாட்டார். அவரைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கச்சிபௌலியிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி, குஷாய்குடாவில் வீடு பிடித்தோம். எனக்கு ஆபீஸ் போக ஊரையே குறுக்கே கடக்க வேண்டும், பரவாயில்லை. அத்தான் ஒரு தடவை அங்கேயும் வந்தார். ஞாயிற்றுக்கிழமை, தெரு முழுக்க ஆள் இருக்கிற நேரம். கேட்டைப் பிடித்து உலுக்கினார், அக்காவைச் சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னார். வீட்டு ஓனர், எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வெளியே வந்து அமைதியாகப் போகச் சொன்னார். அத்தான் அந்தப் பெரியவரைப் பிடித்துத் தள்ளினார். அவ்வளவுதான், தெரு பாய்ந்தது. எதிர்வீட்டுக்காரர்கள், கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள், இஸ்திரிக்காரர், எல்லாரும். கன்னத்தில், முதுகில், விழுந்த பிறகு விலாவில். அவர் கையால் தலையை மூடிக்கொண்டு உடம்பைச் சுருட்டிக்கொண்டார்.

அக்கா படியிறங்கி வந்தாள். கூட்டம் வழிவிட்டது. அவளும் ஒன்று வைப்பாள் என்று காத்திருந்தார்கள். நானும்தான் காத்திருந்தேன், எனக்கு அது வேண்டியிருந்தது. அவள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள்.

"வதிலேயண்டி," என்றாள், விட்டுவிடுங்கள் என்று. யாரோ அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள்.

விவாகரத்து கிடைக்க இழுத்தது, எல்லாருக்கும் இழுப்பது போலத்தான். ஒருநாள் கோர்ட்டு வராந்தாவில் அவர் எங்கள் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூக்கு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. வக்கீல் உள்ளே போன நேரம் பார்த்து எழுந்து வந்தார். நான் அக்காவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஒண்ணும் பண்ணமாட்டேன்," என்றார். "அந்த ரெண்டும் எப்படி இருக்கு? மைட்ஸ் போச்சா?"

அக்கா பதில் சொல்லமாட்டாள் என்று நினைத்தேன்.

"போயிருச்சு," என்றாள். "நாய் டாக்டருக்குத் தெரிஞ்ச காலேஜ் வாத்தியார் ஒருத்தர் வச்சிருக்காரு. தோல் உரிச்சிருக்காம். நல்லாத் தின்னுதாம்."

அவர் தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. யாருக்காகக் கலங்கியது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. அக்காவின் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் அதை மடியில்தான் வைத்திருந்தாள், அவர் கண்ணுக்கு நேரே.

உள்ளேயிருந்து எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். அக்கா எழுந்து, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே நடந்தாள்.